த்வொர்ஷாக்: ஒரு செக் குடும்பப் பெயரும் அதன் பல எழுத்து வடிவங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இந்தப் பெயரிடம் வந்தது இசை வழியாக. அந்தொனீன் த்வொர்ஷாக் என்ற செக் இசையமைப்பாளரின் பெயர் ஓர் இசைத்தட்டின் உறையில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தது. வானொலியில் அறிவித்தவர் மூன்றாவது விதமாக உச்சரித்தார். எது சரி என்று தேடப் போன எனக்கு, ஒரு நாட்டின் நிலவுடைமை, மதப் போராட்டம், எழுத்துச் சீர்திருத்தம், கடல் கடந்த குடியேற்றம் எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருப்பது தெரிந்தது. இந்தப் பெயரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டலைச் சொல்லும் இடங்களில் ரோமன் எழுத்துகளை அவற்றின் பெயரைச் சொல்லி அடுக்கியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தபடி படித்தால் எளிதாக இருக்கும்.

இந்தப் பெயரைச் செக் மொழியில் எப்படி எழுதுகிறார்கள்?

டி, வி, ஓ, ஆர், ஏ, கே என்று ஆறே எழுத்துகள். ஆனால் ஆர் எழுத்தின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கும். செக் மொழியில் அதற்கு ஹாச்செக் என்று பெயர். சிறு கொக்கி என்பதே அதன் பொருள். ஏ எழுத்தின் மேல் சாய்ந்த கோடு ஒன்று இருக்கும். இந்த இரண்டு குறிகளையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பலர். கொக்கி எழுத்தையே மாற்றுகிறது: கொக்கியில்லாத ஆர் வேறு எழுத்து, கொக்கியுள்ள ஆர் வேறு எழுத்து. செக் அகராதியில் இரண்டாவதற்குத் தனி இடம் உண்டு. சாய்ந்த கோடு நெடிலைக் காட்டுகிறது. நம் எழுத்தில் துணைக்கால் செய்யும் வேலையை அங்கே அந்தக் கோடு செய்கிறது.

எப்படி உச்சரிப்பது?

தமிழருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதல் அசை குறில். அழுத்தம் அதன் மேல். இரண்டாம் அசை நெடில், அழுத்தம் இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அழுத்தத்தையும் நீளத்தையும் குழப்பிக்கொள்வார்கள். குறில் நெடில் படித்து வளர்ந்த நமக்கு அந்தக் குழப்பம் வர வேண்டியதில்லை. தொடக்கத்தில் வருவது 'த்' போன்ற மென்மையான பல்லொலி.

சிக்கல் நடுவில் உள்ள ஒலியில்தான். நாக்கு நுனியை மேலண்ணத்தின் முன்பகுதியில் 'ர்' என்று அதிரவிட்டு, அதே மூச்சில், அதே கணத்தில், பிரெஞ்சுக்காரர்களின் இழையும் 'ஜ' ஒலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் ர், பிறகு ஜ என்று சொன்னால் அது செக் ஒலி ஆகாது. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். செக் குழந்தைகள் கடைசியாகக் கற்கும் ஒலி இது. பள்ளி வயதிலும் வராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும் குழந்தைகள் உண்டு. குடியரசுத் தலைவராக இருந்த வாட்ஸ்லாவ் ஹாவெலுக்கே ர ஒலிகள் சரியாக வராது என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுதும் 'த்வொர்ஷாக்' என்ற வடிவம் ஒரு சமரசம். அந்த ஒற்றை ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் இரண்டு எழுத்துகளால் அதைத் தொட முயல்கிறேன். நம் ழகரத்தை மற்ற மொழிக்காரர்கள் ஒருவர் ல ஆக்கியும், ஒருவர் இசட்டையும் எச்சையும் சேர்த்தும் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கொக்கி ஆர் எழுத்துக்கும் உலகெங்கும் நேர்ந்தது அதுதான். கீழே வரும் எழுத்து வடிவங்களில் பெரும்பாலானவை அந்த ஓர் ஒலியைப் பிடிக்கப் பலர் செய்த முயற்சிகள்.

பெயரின் பொருள் என்ன?

வேர்ச்சொல் 'த்வூர்'. வேற்றுமை உருபு ஏறும்போது அது 'த்வொர்' என்று குறுகும். அதனால்தான் குடும்பப் பெயரில் ஊகாரம் இல்லாமல் ஒகரம் இருக்கிறது. அதனுடன், ஒன்றைச் சேர்ந்தவன் என்று காட்டும் 'ஆக்' விகுதி சேர்ந்து, நடுவிலிருந்த ரகரம் இளகி, த்வொர்ஷாக் ஆயிற்று.

த்வூர் என்ற சொல்லுக்குச் செக் மொழியில் பல அடுக்குகள் உண்டு. வீட்டு முற்றம் த்வூர். நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த பெரிய பண்ணை வீடும் த்வூர். பிரபுவின் சொந்தப் பண்ணையும், அரசனின் அவையும்கூட த்வூர்தான். எந்தத் த்வூரைச் சேர்ந்தவனுக்கு இந்தப் பெயர் வந்தது என்பதுதான் கேள்வி.

இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டுமே உண்மை. முதலாவது: சாதாரணக் குடியானவனைவிடப் பெரிய நிலமும், அதற்கேற்ற பண்ணை வீடும் வைத்திருந்தவன். இவர்களில் சிலர் பிரபுவுக்கு உழைப்பு வரி செலுத்தத் தேவையில்லாத சுதந்திரப் பண்ணைக்காரர்கள். இரண்டாவது: பிரபுவின் பண்ணையில் வேலை செய்தவன், அல்லது அதை மேற்பார்வை பார்த்தவன். ஓர் ஊரில் த்வொர்ஷாக் என்றால் வசதியான பண்ணைக்காரன். பத்து மைல் தள்ளி இன்னோர் ஊரில் அதே பெயர் பண்ணையாளின் பெயர். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னோர் செல்வந்தர் என்றோ கூலியாள் என்றோ முடிவு கட்டக் கூடாது. அந்த ஊரின் நிலப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

செக் நாட்டில் மிகப் பரவலான நான்கு குடும்பப் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். நொவாக்: ஊருக்குப் புதிதாக வந்தவன். ஸ்வொபொதா: விடுதலை என்று பொருள்; அடிமைக் கடமைகள் இல்லாத குடியானவனைக் குறித்தது. நொவொத்னீ: இதுவும் புதியவன்தான். நான்காவது த்வொர்ஷாக். யார் எந்த நிலத்தில், எந்த உரிமையோடு, எப்போது வந்து உட்கார்ந்தான் என்ற கேள்விக்கு ஊரார் சொன்ன பதில்கள் இவை நான்கும். எனக்கு இந்த வரிசை ஒரு சிறு சமூக வரலாறாகவே தோன்றுகிறது.

அரசவையைச் சேர்ந்தவர்கள் என்று ஓர் இணையக் கடை குடும்பச் சின்னம் விற்கிறதே?

வாங்காதீர்கள். அவையைச் சேர்ந்தவனுக்குச் செக் மொழியில் 'த்வொர்ஷன்' என்று தனிச் சொல் இருக்கிறது. நம் குடும்பப் பெயர் அதுவல்ல. குடும்பச் சின்னம் குறிப்பிட்ட ஒரு குடிவழிக்கு வழங்கப்படுவது. ஒரு பெயரை வைத்திருக்கும் எல்லோருக்கும் உரியதல்ல. இதே வேரிலிருந்து பிறந்த வேறொரு பெயரைப் பிரபுக்கள் சிலர் வைத்திருந்தார்கள். 1621 ஜூன் 21 அன்று பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் பேரரசருக்கு எதிரான கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டு உயிரிழந்த 27 பேரில் ஒருவரான பிரோகோப் த்வொர்ஷெட்ஸ்கி அப்படிப்பட்டவர். வேர் ஒன்றுதான்; குடும்பம் ஒன்றல்ல.

'துவாரம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். கதவைக் குறிக்கும் மிகப் பழைய இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்று உண்டு. அது சமஸ்கிருதத்தில் 'த்வார' ஆயிற்று. அங்கிருந்து துவாரம், துவாரபாலகர் என்று தமிழுக்கும் வந்தது. ஸ்லாவிய மொழிகளில் அதே வேர் இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை கதவையே குறித்தது: செக் மொழியில் 'த்வெர்ஷே'. மற்றொரு கிளை கதவுக்குள் அடங்கிய வளாகத்தை, முற்றத்தைக் குறித்தது: அதுதான் த்வூர். கருவறை வாசலில் தண்டம் ஏந்தி நிற்கும் துவாரபாலகரும் செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் பண்ணை முற்றத்தில் நின்ற குடியானவனும் பெயரளவில் தூரத்து உறவினர்கள். ஆங்கிலத்தின் 'டோர்', ஜெர்மனின் 'டூர்' ஆகியவையும் இந்தக் குடும்பமே.

த்வொர்ஷாக் என்று பெயர் கொண்ட எல்லோரும் ஒரே வம்சமா?

இல்லை. பண்ணை இருந்த ஊர்களில் எல்லாம் தனித்தனியே முளைத்த பெயர் இது. இன்று செக் குடியரசில் இந்தப் பெயருடன் 20,000க்கும் மேற்பட்ட ஆண்கள் இருக்கிறார்கள்; பெண் வடிவத்தோடு ஏறக்குறைய அதே அளவு பெண்களும் இருக்கிறார்கள். ஒரே கிராமத்தில் உறவில்லாத இரண்டு த்வொர்ஷாக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கலாம். இசையமைப்பாளருக்கு நாங்கள் சொந்தம் என்று சொல்லும் குடும்பங்கள் உலகெங்கும் உண்டு. பதிவேட்டுச் சான்று இல்லாமல் அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை.

ஒரே பெயருக்கு ஏன் இத்தனை எழுத்துக்கூட்டல்கள்?

இதற்கான பதில் கொஞ்சம் நீளும்.

லத்தீன் எழுத்துகள் செக் மொழிக்காக உருவானவையல்ல. ரகரம் இளகி அந்தச் சிறப்பு ஒலியாக மாறியது ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில். லத்தீன் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்து கிடையாது. எழுத்தர்கள் ஆரோடு இசட்டைச் சேர்த்துச் சமாளித்தார்கள். போலந்து மொழி இன்றுவரை அந்த முறையிலேயே நிற்கிறது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் ஒரு சிறு எழுத்திலக்கண நூல் வந்தது. அதை எழுதியவர் யான் ஹுஸ் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மதச் சீர்திருத்தக்காரரான அவர் 1415இல் கொன்ஸ்டான்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஒரு ஒலியை எழுதுவதற்குப் பதிலாக ஓர் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்றது அந்த நூல். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் நமக்கு இந்த எண்ணத்தின் எளிமை உடனே விளங்கும். அந்தப் புள்ளிதான் பின்னர் கொக்கியாக உருமாறியது. 1579 முதல் 1594 வரை பகுதி பகுதியாக அச்சான கிராலிட்ஸே பைபிள் என்ற செக் மொழிபெயர்ப்பு இந்த முறையைச் சற்று மாற்றங்களோடு நிலைநிறுத்தியது. அச்சில் அப்படி, ஊரின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை எழுதிய பங்குக் குருவின் பேனாவில் அப்படியல்ல. அவர் கொக்கியும் போட்டார், இசட்டும் போட்டார், சில நாள் எதுவும் போடாமலும் விட்டார்.

அடுத்தது முதலெழுத்துக்கு அடுத்த எழுத்து. இன்று வி எழுதும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை டபிள்யூதான் எழுதினார்கள். 1849ஆம் ஆண்டையொட்டித்தான் அச்சில் டபிள்யூ போய் வி வந்தது. கையெழுத்தில் மாற்றம் இன்னும் மெதுவாக நடந்தது. ஆகவே 1800இல் டபிள்யூவோடும் 1880இல் வியோடும் ஒரு குடும்பத்தைப் பார்த்தால், அந்தக் குடும்பம் பெயரை மாற்றிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். மாறியது நாட்டின் எழுத்து முறை.

மூன்றாவது காரணம் நிர்வாக மொழி. செக் நிலம் நூற்றாண்டுக் கணக்கில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசின் கீழ் இருந்தது. பதிவேடுகளை எழுதியவர்களில் சிலர் லத்தீனில் எழுதினார்கள், சிலர் ஜெர்மனில், சிலர் செக் மொழியில். ஜெர்மன் காதுக்கு அந்த இளகிய ரகரம் 'ர்ஷ்' என்று கேட்டது. கேட்டபடி எழுதினார்கள். இதோடு குர்ரென்ட் என்னும் பழைய ஜெர்மன் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பல எழுத்துகள் ஒன்றுபோலவே தெரியும். பிற்காலத்தில் அதைப் படியெடுத்தவர்கள் தங்கள் பங்குக்குப் புதிய வடிவங்களைப் படைத்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் வந்த முடிவு: ஓர் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் அதை எழுதியவருடையது. அந்தக் குடும்பத்தில் பலருக்குத் தங்கள் பெயரை எழுதவே தெரியாது. 'எங்கள் குடும்பம் எப்போதும் இசட் வைத்துத்தான் எழுதும்' என்று சொல்லி மற்ற வடிவங்களை ஒதுக்கினால், உண்மையான தாத்தாவைத்தான் ஒதுக்குவீர்கள்.

தேடும்போது எந்தெந்த வடிவங்களை எதிர்பார்க்க வேண்டும்?

பழைய செக் பதிவேடுகளில் டி, டபிள்யூ, ஓ, ஆர், இசட், ஏ, கே மிகச் சாதாரணம். இசட்டின் மேல் கொக்கி இருக்கும், சில சமயம் இருக்காது. ஆர் மேல் கொக்கியும் டபிள்யூவும் சேர்ந்தும் வரும். ஏ எழுத்தின் மேலுள்ள சாய்ந்த கோட்டை நம்பவே வேண்டாம். எழுதியவருக்கு அவசரமென்றால் முதலில் விடுபடுவது அதுதான்.

வியன்னாவிலும் ஆஸ்திரியாவின் பிற பகுதிகளிலும் டி, டபிள்யூ, ஓ, ஆர் என்பதற்குப் பின் எஸ், சி, எச் வந்து, ஏ, கே என்று முடியும். 19ஆம் நூற்றாண்டில் வேலை தேடி ஏராளமான செக் மக்கள் வியன்னாவுக்குப் போனார்கள். அந்த நகரத்தின் பெயர்ப் பலகைகளில் அது இன்றும் தெரிகிறது. ஆனால் அங்கே போன எல்லோரும் எழுத்தை மாற்றவில்லை. ரவுத்னிட்ஸேயில் பிறந்து வியன்னா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கலை வரலாற்றாசிரியர் மாக்ஸ் த்வொர்ஷாக் தன் கொக்கியை விடவில்லை.

ஸ்லோவாக் மொழியில் அந்த ஒலியே இல்லை. அங்கே வெறும் ஆர்தான். நெடில் கோடு மட்டும் நிற்கும். ஹங்கேரிய ஆட்சியில் எழுதப்பட்ட பதிவுகளில் ஆருக்குப் பின் இசட், எஸ் சேர்ந்து வரலாம். குரோவேஷியாவின் தாருவார் வட்டாரத்தில் குடியேறிய செக் மக்களிடம் ஆரும், கொக்கி வைத்த இசட்டும். 1860களிலிருந்து இன்றைய உக்ரைனின் வொலீனியா பகுதிக்குப் போனவர்களின் பெயர் ரஷ்ய எழுத்தில் எழுதப்பட்டது. அதை மீண்டும் ரோமன் எழுத்துக்குக் கொண்டுவரும்போது ஆருக்குப் பின் இசட், எச் என்று வரும்.

போலந்து வடிவம் ஒரு கண்ணி. இசட் இல்லாமல் டபிள்யூவோடு வரும் டி, டபிள்யூ, ஓ, ஆர், ஏ, கே போலந்தில் தானாகவே பிறந்த சொந்தக் குடும்பப் பெயர். செக் பெயரின் திரிபாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிறந்த ஊர் தெரியாமல் இரண்டையும் இணைக்காதீர்கள்.

த்வொர்ஷாச்செக், த்வொர்ஸ்கீ, த்வொர்னீக் எல்லாம் இதே பெயர்தானா?

த்வொர்ஷாச்செக் என்பது 'சின்ன த்வொர்ஷாக்'. மகனையோ, சிறிய பண்ணைக்காரனையோ அப்படி அழைத்திருப்பார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் ஒரே மனிதர் ஓர் ஆண்டு த்வொர்ஷாக் என்றும் மறு ஆண்டு த்வொர்ஷாச்செக் என்றும் வருவது இயல்பே. ஆகவே தேடலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் அதே வேரின் தனிப் பெயர்கள். த்வொர்ஸ்கீ பெரும்பாலும் த்வூர் என்ற பெயருள்ள ஊரிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்தவரைக் குறிக்கும். ஜெர்மன் ஹோஃப்மான், ஹோஃப்பவர் போன்றவை பொருளில் நெருக்கமானவை, அவ்வளவே.

பெண்களின் பெயர் ஏன் 'ஓவா' என்று முடிகிறது?

மனைவியும் மகளும் த்வொர்ஷாக்கோவா. 'த்வொர்ஷாக்கைச் சேர்ந்தவள்' என்ற உடைமைப் பொருளில் பிறந்த விகுதி அது. இதைத் தனிக் குடும்பமாக எண்ணி இரண்டு கிளைகள் வரைந்த வம்ச மரங்களைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனில் எழுதிய குருமார்கள் இதே இடத்தில் 'இன்' என்ற விகுதியைப் போட்டார்கள். அதையும் நீக்கிவிட்டுப் படிக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போன பெண்கள் பெரும்பாலும் ஆண் வடிவத்தையே ஏற்றார்கள். ஆனால் கல்லறைக் கல்லைச் செக் மொழியில் செதுக்கியிருந்தால் அங்கே ஓவா திரும்ப வந்துவிடும். செக் நாட்டிலேயே 2022 ஜனவரி 1 முதல் எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமல் ஆண் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அதற்கு முன் வெளிநாட்டுத் தொடர்பு, சிறுபான்மை இனம் போன்ற காரணங்கள் தேவைப்பட்டன.

ஆவணத்தில் 'த்வொர்ஷாக்கா', 'த்வொர்ஷாக்கெம்' என்று இருக்கிறதே, இவையும் மாற்று வடிவங்களா?

வேற்றுமை உருபு ஏறிய பெயர்கள் அவை. 'முருகனால்', 'முருகனுடைய' என்பது போல. செக் மொழியில் மனிதர் பெயர்களும் உருபு ஏற்கும். 'த்வொர்ஷாக்கோவி' என்றால் த்வொர்ஷாக் வீட்டார்.

18ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போனால் பெயரே மாறிவிடுகிறது. ஏன்?

வம்சம் தேடுகிறவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. பல ஊர்களில், குறிப்பாகத் தெற்குப் பொஹீமியாவில், பெயர் மனிதனோடு ஒட்டியிருக்கவில்லை, வீட்டோடு ஒட்டியிருந்தது. த்வொர்ஷாக் பண்ணைக்கு ஒரு விதவையை மணந்து வந்த மனிதன், அதுவரை என்ன பெயர் வைத்திருந்தாலும், அந்த வாசலைத் தாண்டியதும் த்வொர்ஷாக் ஆனான். அவனுடைய மூத்த பிள்ளைகளுக்குப் பழைய பெயர், இளையவர்களுக்குப் பண்ணைப் பெயர் என்று ஒரே குடும்பத்தில் இரண்டும் இருக்கும். த்வொர்ஷாக் வீட்டின் இளைய மகன் வேறொரு பண்ணைக்குப் போனால் அங்குள்ள பெயரை ஏற்றான். இதைச் செக் மொழியில் 'போ ஹலுப்பே', அதாவது 'வீட்டின்படி' வந்த பெயர் என்பார்கள்.

1780களில் இரண்டாம் யோசப் பேரரசரின் சட்டங்கள் தந்தையின் பெயரே பிள்ளைக்கு மாறாமல் வர வேண்டும் என்று ஆக்கின. பழக்கம் உடனே சாகவில்லை. அதன் பிறகும் பதிவேடுகளில் ஒரு பெயர் எழுதி, 'வுல்கோ' அல்லது 'யினாக்' என்று போட்டு இன்னொரு பெயர் எழுதுவார்கள். முன்னது லத்தீன், பின்னது செக். ஊரார் வழங்கும் மற்றொரு பெயர் என்பதே இரண்டின் கருத்தும். அந்தச் சிறு சொல் கண்ணில் பட்டால் கொண்டாடுங்கள். முந்தைய தலைமுறைக்கான சாவி அதுதான்.

இங்கே உதவுவது வீட்டு எண். 1770ஐ ஒட்டி வீடுகளுக்கு எண் கொடுத்தார்கள். 1784க்குப் பிந்தைய பதிவேடுகளில் எண்ணுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. எழுத்துக்கூட்டல் ஆண்டுக்கு ஆண்டு ஆடினாலும் 14ஆம் எண் வீடு 14ஆம் எண் வீடாகவே இருக்கும். பெயரைத் துரத்துவதை விட்டு எண்ணைப் பின்தொடருங்கள் என்பதே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. (ஊர் வளர்ந்து எண்களை மாற்றிப் போட்ட இடங்களும் உண்டு, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.)

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மையா?

பல செக் அமெரிக்க வீடுகளில் இந்தக் கதை உண்டு. ஆனால் நடைமுறை வேறு. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892இல். அதற்கு முன்பே ஏராளமான செக் மக்கள் அயோவா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின், டெக்சஸ் என்று குடியேறிவிட்டார்கள். பிறகு வந்தவர்களுக்கும் அங்கே புதிய பெயர் எழுதப்படவில்லை. கப்பல் நிறுவனத்தார் ப்ரேமன், ஹாம்பர்க் போன்ற துறைமுகங்களில் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு அதிகாரிகள் சரிபார்த்தார்கள். முதல் மாற்றம் பெரும்பாலும் ஜெர்மன் துறைமுக எழுத்தரின் பேனாவில் நிகழ்ந்தது. அடுத்த மாற்றம் ஊரில் நிகழ்ந்தது: கொக்கி இல்லாத அச்செழுத்து, உச்சரிக்கத் தெரியாத ஆசிரியர், அண்டை வீட்டார். குடும்பமே ஒரு நாள் அந்தக் கொக்கியை விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிழைக்கப் போன இடத்தில் ஒவ்வொரு நாளும் பெயரைத் திருத்திக்கொண்டிருக்க யாரால் முடியும்?

அமெரிக்காவில் ஏன் 'டிவோராக்' என்கிறார்கள்?

கொக்கி போனதும் ஒலியும் போயிற்று; எழுதியிருப்பதை அப்படியே படித்தார்கள். மினசோட்டாவில் 1894இல் பிறந்த ஆகஸ்ட் டிவோராக், வில்லியம் டீலியுடன் சேர்ந்து 1936இல் காப்புரிமை பெற்ற தட்டச்சு விசைப்பலகைக்கு அவருடைய பெயரே வந்தது. அதை ரகர ஒலியோடு சொல்வதுதான் சரி. அவர் தம் பெயரை அப்படித்தான் சொன்னார். இசையமைப்பாளரைப் போல உச்சரிக்க வேண்டும் என்று திருத்தக் கிளம்புவது தவறு. மாறாக, 1930களின் ஹாலிவுட் நடிகை ஆன் டிவோராக் தம் திரைப்பெயரில் டி ஒலிக்காது, 'வோர்ஷாக்' என்றே சொல்ல வேண்டும் என்றார். ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே நாடு, இரண்டு உச்சரிப்பு. ஒருவரின் பெயரை அவர் சொல்கிறபடி சொல்வதே மரியாதை.

இசையமைப்பாளர் தம் பெயரை எப்படி எழுத விரும்பினார்?

அந்தொனீன் த்வொர்ஷாக் 1841 செப்டம்பர் 8 அன்று நெலாஹொசெவெஸ் கிராமத்தில் பிறந்தார். தந்தை விடுதி நடத்திய இறைச்சிக் கடைக்காரர். புகழ் வந்தபோது பெர்லினின் சிம்ராக் பதிப்பகம் அவருடைய இசையை வெளியிட்டது. அட்டையில் 'அன்டோன்' என்று ஜெர்மன் வடிவத்தில் முதற்பெயரை அச்சிட்டார்கள். தம் பெயர் செக் மொழியில் 'அந்தொனீன்' என்றுதான் வர வேண்டும் என்று அவர் போராடினார். கடைசியில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டது 'அன்ட்.' என்ற சுருக்கத்தை. யார் எப்படி வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளலாம். சொந்த மொழிக்கு அரசு இல்லாத காலத்தில் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளுக்காக ஒரு கலைஞர் பதிப்பாளரோடு வழக்காடினார் என்பதை அந்தப் பழைய அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கணினியில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பழைய கோப்புகளில் கொக்கி ஆர், குறுக்குக் கோடிட்ட டேனிஷ் ஓவாக மாறியிருக்கும். மத்திய ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பில் அதற்குரிய இடத்தில் மேற்கு ஐரோப்பியத் தொகுப்பில் அந்த ஓ உட்கார்ந்திருப்பதே காரணம். யூனிகோடு வந்த பிறகு புதிய கோப்புகளில் இது குறைந்துவிட்டது.

அடுத்தது அமெரிக்கக் கணக்கெடுப்பு அட்டவணைகளின் சவுண்டெக்ஸ் முறை. ஒரேபோல் ஒலிக்கும் பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்ப்பது அதன் நோக்கம். ஆனால் அது வி எழுத்துக்கு எண் கொடுக்கும், டபிள்யூவை விட்டுவிடும். அதனால் வி உள்ள வடிவம் டி162 என்ற குறியீட்டிலும், டபிள்யூ உள்ளது டி620 இலும், எஸ், சி, எச் உள்ள ஜெர்மன் வடிவம் டி622 இலும் போய் விழும். மூன்று குறியீடுகளிலும் தேடுங்கள். அண்ணன் ஒன்றிலும் தம்பி இன்னொன்றிலும் இருக்கலாம்.

மூன்றாவது செக் அகரவரிசை. கொக்கி ஆர், சாதாரண ஆருக்குப் பிறகு வரும் தனி எழுத்து. பெயர்ப் பட்டியலில் த்வொர்ஸ்கீ குடும்பங்கள் எல்லாம் முடிந்த பிறகே த்வொர்ஷாக் தொடங்கும்.

மூலப் பதிவேடுகளை எங்கே பார்க்கலாம்?

செக் வட்டார ஆவணக் காப்பகங்கள் பங்குப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன, பெரும்பாலும் கட்டணமில்லை. தெற்குப் பொஹீமியாவுக்கு ட்ரெபோன், மேற்குக்குப் பிள்சென், வடக்குக்கு லிட்டொமெர்ஷிட்ஸே, கிழக்குக்கு ஜாம்ர்ஸ்க், நடுப் பொஹீமியாவுக்குப் பிராக், நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவுக்குப் பிர்னோவும் ஒபாவாவும். பிறப்புப் பதிவேடு கடைசிப் பதிவுக்கு 100 ஆண்டுகளுக்குப் பிறகும், திருமணப் பதிவேடு 75 ஆண்டுகளுக்குப் பிறகும் திறக்கப்படும். பங்குப் பதிவேடுகளுக்கு அப்பால் போக, முப்பதாண்டுப் போருக்குப் பின் பொஹீமியாவில் எடுத்த 1654 ஆம் ஆண்டு வரிக் கணக்கு இருக்கிறது. ஊர் ஊராக, யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தான் என்று அது சொல்லும். உங்கள் த்வொர்ஷாக் பெரிய பண்ணைக்காரனா, பிரபுவின் பண்ணையாளா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கக்கூடும்.

தொடங்கும் முன் ஊரின் பெயர் வேண்டும். அது இல்லாமல் இந்தக் காப்பகங்களில் எதையும் திறக்க முடியாது. வீட்டில் இருக்கும் பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்லறைக் கல், திருமணச் சான்றிதழின் பின்பக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கல்லில் 'நரொஸென்' என்று செதுக்கியிருந்தால் 'பிறந்தது' என்று பொருள். அந்தச் சொல்லின் பக்கத்தில் பல முறை ஊரின் பெயரும் இருக்கும்.